மேடை பயத்துக்கு 6 வார மூச்சு வகுப்பு: காசு கொடுத்துக் கற்றதில் தேறியது எவ்வளவு?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயம் போகவில்லை. 6 வாரம், வாரத்துக்கு 2 என்று 12 வகுப்பையும் ஒன்று விடாமல் முடித்த பிறகும், மைக்கைக் கையில் வாங்கினால் இதயம் அடிப்பது காதுக்குள் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் குரல் இப்போது நடுங்குவதில்லை, வாக்கியத்தின் கடைசி வார்த்தை தொண்டையைத் தாண்டி வெளியே வருகிறது. இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்கள் ஒருமுறைகூட மேடையில் நடுங்காதவர்களாக இருக்க வேண்டும், அவர்கள் தாராளமாக வேறு வேலையைப் பார்க்கலாம்.

வகுப்பின் பெயரைப் போடப்போவதில்லை. குறைகளை நிறையச் சொல்லப்போகிறேன் என்பது ஒரு காரணம். இதே அச்சில் வார்த்த மாதிரி ஏகப்பட்ட வகுப்புகள் ஆன்லைனில் இருக்கின்றன, எதில் சேர்ந்தாலும் நான் சொல்வதில் பாதியாவது பொருந்தும் என்பது இன்னொன்று.

நான் போய்ச் சேர்ந்த கதை இதுதான். அலுவலகத்தில் காலாண்டு விற்பனைக் கணக்கை 40 பேர் முன்னால் சொல்ல வேண்டும். எண்கள் எல்லாம் நானே கூட்டிக் கழித்தவை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். முதல் ஸ்லைடு எப்படியோ போய்விட்டது. இரண்டாவதில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, குரல் ஆட்டுக்குட்டி கத்துவது மாதிரி விட்டுவிட்டு வந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு நல்ல மனிதர், "ஒண்ணும் அவசரமில்ல, நல்லா மூச்சை இழுத்து விடுங்க" என்றார். இழுத்தேன். போதவில்லை என்று தோன்றியது, மறுபடி இழுத்தேன். ஏழெட்டு தடவை இழுத்திருப்பேன், விரல் நுனிகளில் எறும்பு ஊர ஆரம்பித்தது, உதடு மரத்தது, திரையில் இருந்த எண்கள் கிணற்றுக்குள் கிடப்பது மாதிரி தள்ளிப் போயின. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனேன், திரும்பி உள்ளே வரவில்லை. மீதி ஸ்லைடுகளை வேறொருவர் சொல்லி முடித்தார்.

அன்று எனக்கு என்ன ஆயிற்று என்பது முதல் வகுப்பிலேயே விளங்கியது, அதற்காகவே பயிற்சியாளருக்கு ஒரு கும்பிடு. பயந்தவர் ஏற்கெனவே வேகவேகமாக, மேல் நெஞ்சிலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். ரத்தத்தில் பிராணவாயுவுக்குப் பஞ்சமே கிடையாது, ஆரோக்கியமான ஆளுக்கு அது 95 சதவீதத்துக்கு மேல் நிரம்பித்தான் இருக்கும். அதன் மேல் இன்னும் இன்னும் இழுத்தால் கரியமில வாயு தேவைக்கு மீறி வெளியே போய்விடும். அது குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், தலை கிறுகிறுக்கும், விரலும் உதடும் மரக்கும். உடனே நமக்கு மூச்சு முட்டுகிறது என்று தோன்றும், இன்னும் பலமாக இழுப்போம். எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்த கதை. "இழுத்து விடுங்க" என்று அந்த முன்வரிசைக்காரர் சொன்னதில் இழுப்பதை மட்டும் நான் ஒழுங்காகச் செய்திருக்கிறேன், விட்டதெல்லாம் அரைகுறை.

முதல் வாரம் முழுக்கத் தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு தடிமனான புத்தகத்தை வைத்துக்கொண்டு, அது ஏறி இறங்குவதைப் பார்க்கும் வேலை. நுரையீரல் தானாக விரியாது, அதன் அடியில் குடை மாதிரி கவிந்திருக்கும் உதரவிதானம் கீழே இறங்கினால்தான் காற்று உள்ளே வரும், அது இறங்கும்போது குடலையெல்லாம் கொஞ்சம் முன்னால் தள்ளும், அதனால்தான் வயிறு எழும்புகிறது. (வயிற்றுக்குள் காற்றை நிரப்புங்கள் என்று சில காணொளிகளில் சொல்கிறார்கள், வயிற்றுக்குள் காற்று போனால் ஏப்பம்தான் வரும்.) படுத்திருக்கும்போது எல்லாருக்கும் இது அழகாக வருகிறது. எழுந்து நின்றதும் எல்லாருக்கும் மூச்சு பழையபடி நெஞ்சுக்கு ஏறிவிடுகிறது. கண்ணாடி முன்னால் நின்று தோள்பட்டை தூக்குகிறதா என்று பாருங்கள் என்றார். பார்த்தேன், ஒவ்வொரு மூச்சுக்கும் "எனக்கென்ன தெரியும்" என்று சொல்கிறவர் மாதிரி என் தோள் எழும்பிக்கொண்டிருந்தது. அது அடங்க 10 நாள் ஆனது.

இரண்டாவது வாரம் எண்ணிக்கை. 4 எண்ணும் வரை மூக்கால் இழுத்து, 6 எண்ணும் வரை விடுவது. ஒரு மூச்சுக்கு 10 விநாடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12இலிருந்து 20 தடவை வரை மூச்சு விடுகிறோம், அதில் பாதி அல்லது அதற்கும் கீழே. இந்த 6 என்ற எண் யாரோ வாய்க்கு வந்தபடி சொன்னதில்லை. 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது, ஜெபமாலை சொல்கிறவர்களுக்கும் மந்திரம் ஓதுகிறவர்களுக்கும் மூச்சு கிட்டத்தட்ட நிமிடத்துக்கு 6 என்று வந்து நிற்கிறது, இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் அந்தத் தாளத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதுதான் அதன் சாரம்.

இதை நம்புவதற்கு ஆய்வெல்லாம்கூட வேண்டாம். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் நெருக்கமாக வரும், விடும்போது ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி கூடும். எனக்கு முதலில் தட்டுப்படவில்லை, மூன்றாவது நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தபோது விரலுக்கடியில் அது தெளிவாகத் தெரிந்தது, டக் டக் டக், அப்புறம் டக்... டக்... என்று. என் உடம்புக்குள் பிரேக் இருக்கிறது, இத்தனை வருஷம் அதன் மேல் காலே வைக்காமல் ஓட்டியிருக்கிறேன் என்று தோன்றியது. மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கி வரும் வேகஸ் நரம்புதான் அந்த பிரேக். 1921இல் ஆட்டோ லேவி என்ற ஆராய்ச்சியாளர் இரண்டு தவளை இதயங்களை வைத்து இதைக் காட்டினார், ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டால் அதுவும் மெதுவாகிவிட்டது. 1936இல் நோபல் பரிசு. இப்போது விளம்பரங்களில் "வேகஸை ஆன் செய்யுங்கள்" என்று சுவிட்ச் மாதிரி கூவுகிறார்கள், இந்த வகுப்பின் விளம்பரத்திலும் அந்த வரி இருந்தது. அது ஆன், ஆஃப் என்று இயங்குவதில்லை, ஒவ்வொரு மூச்சுக்கும் இறுகித் தளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. வெளியே விடும் நேரத்தை நீட்டினால் அந்த பிரேக்கின் பிடி கூடுகிறது, அவ்வளவுதான் சங்கதி.

4-4-4-4 என்று பெட்டி மூச்சு, 4-7-8 என்று இன்னொன்று, இரண்டையும் அதே வாரம் சொல்லிக் கொடுத்தார்கள். நடுவில் மூச்சைப் பிடித்து வைக்க வேண்டியது எனக்கு ஒத்துவரவில்லை, 7 எண்ணுவதற்குள் மாட்டிக்கொண்ட உணர்வு வந்துவிடுகிறது. சிலருக்கு அதுவே பிடித்திருந்தது. விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம்தான் கடுப்பானேன். முதல் வகுப்பு நன்றாகவே போனது, பெருமூச்சைப் பற்றி. மூக்கால் ஒரு முழு மூச்சு, விடாமல் அதன் மேலேயே ஒரு குட்டி மூச்சு, பிறகு வாயால் நீளமாக, காற்று தீரும் வரை விடுவது. நாம் எல்லாருமே சில நிமிடங்களுக்கு ஒருமுறை நமக்கே தெரியாமல் பெருமூச்சு விடுகிறோம், நுரையீரலில் சுருங்கிப்போன சின்னச் சின்னக் காற்றுப்பைகள் அதில்தான் திரும்ப விரிகின்றன. ஸ்டான்ஃபோர்டில் நடந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வில், நூறுக்கும் மேற்பட்டவர்களைப் பிரித்து ஒரு மாதம் தினமும் 5 நிமிடம் விதவிதமான மூச்சுப் பயிற்சியும் தியானமும் செய்யச் சொன்னார்கள், மனநிலை அதிகம் தேறியது இந்தப் பெருமூச்சுக் குழுவுக்கு. பயிற்சியாளர் இதைச் சொல்லிவிட்டு, மேடை பயத்துக்கு நிரூபிக்கப்பட்ட மருந்து என்று முடித்தார். அந்த ஆய்வில் யாரையும் மேடை ஏற்றவில்லையே. வீட்டில் உட்கார்ந்து செய்தவர்களின் அன்றாட மனநிலையைத்தான் கேட்டார்கள். நல்ல சரக்குக்கு எதற்குப் பொய் முத்திரை?

அதற்கடுத்த வகுப்பு இன்னும் மோசம். வேறொருவர் வந்து, "சக்தியை எழுப்புகிறோம்" என்று வேகவேகமாக வயிற்றை உதறி மூச்சு விடச் சொன்னார், நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் இருக்கும். பயத்தில் தானாகவே வேகமாக மூச்சு விடுகிறவர்களிடம் போய் இதையா சொல்லிக் கொடுப்பது? கூட இருந்த ஒரு பெண்மணி கேமராவை அணைத்துவிட்டு, தலை சுற்றுகிறது, கை இழுத்துப் பிடிக்கிறது என்று சாட்டில் எழுதினார். "உடம்பில் இருக்கும் நச்சு வெளியேறுகிறது, தொடருங்கள்" என்று பதில் வந்தது. நச்சும் இல்லை ஒன்றும் இல்லை, இரண்டு வாரம் முன்னால் அதே வகுப்பில் எங்களுக்கு விளக்கிய அதே கரியமில வாயுக் கதைதான். ஆஸ்துமா உண்டா, இதயக் கோளாறு உண்டா, வலிப்பு உண்டா, கர்ப்பமா என்று சேரும்போது ஒரு கேள்விகூட யாரும் கேட்கவில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. புகார் எழுதினேன், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று வந்தது.

அந்தக் கோபத்தில் மீதியை விட்டிருந்தால் நஷ்டம் எனக்குத்தான். ஏனென்றால் நான்காவது வாரம் ஒன்றுக்கே கொடுத்த காசு தகும்.

அதுவரை கற்றதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு செய்வது. மேடையில் வாய் திறந்திருக்கிறது, பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அப்போது 4 எண்ணி 6 எண்ணினால் சபை எழுந்து போய்விடும். சும்மா மூச்சு விடும்போது ஒரு சுற்றில் ஏறத்தாழ 40 சதவீத நேரம் இழுக்கிறோம், 60 சதவீதம் விடுகிறோம். பேசும்போது அது 10க்கு 90 ஆகிவிடும். சட்டென்று ஒரு இழுப்பு, அப்புறம் நீளமாக விடுவது, அந்த விடுகிற காற்றில்தான் பேச்சே நடக்கிறது. அதாவது பேச்சு என்பதே நீண்ட வெளிமூச்சு, ஒழுங்காகப் பேசினால் அதுவே அமைதிப்படுத்தும் பயிற்சி. இதைக் கேட்டதும் எனக்கு உள்ளே எதுவோ இடம் மாறி உட்கார்ந்தது.

அவரவர் பேச வேண்டியதைத் தாளில் அச்செடுத்து, பென்சிலால் கோடு போடச் சொன்னார் பயிற்சியாளர். சின்ன மூச்சுக்கு ஒற்றைக் கோடு, முழுதாக நிறுத்தி வாங்கும் மூச்சுக்கு இரட்டைக் கோடு. என் தொடக்க வாக்கியத்தை எண்ணிப் பார்த்தேன், 23 சொற்கள், நடுவில் கோடு போட ஓர் இடம் கிடையாது. "அனைவருக்கும் வணக்கம் இந்தக் காலாண்டில் நமது பிரிவின் செயல்பாடு குறித்து..." என்று ரயில் மாதிரி ஓடுகிறது. எந்தத் தைரியசாலியும் அதை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும்போது திணறத்தான் செய்வார். நடுக்கத்தில் பாதியை நானே எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்தது இன்னும் சுவாரசியம். நம் பேச்சில் வினை கடைசியில் வருகிறது, இல்லை என்பதும் கடைசியில்தான் வருகிறது. "விற்பனை எதிர்பார்த்த அளவுக்கு உயரவில்லை" என்று சொல்லும்போது காற்று "உயர" என்ற இடத்தில் தீர்ந்துபோனால், பின்வரிசையில் இருப்பவருக்கு உயர்ந்ததா இல்லையா என்றே தெரியாது. என் பழைய ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டோம். ஒவ்வொரு வாக்கியமும் கம்பீரமாகத் தொடங்கி, கடைசி இரண்டு அசையில் கரகரத்து, முணுமுணுப்பாக அவிந்துபோகிறது. முடித்தோமா, முடிக்கவில்லையா, முடிப்போமா, எதுவும் காதில் விழவில்லை, வெறும் "முடி" மட்டும் கேட்கிறது. வகுப்பே சிரித்தது, நானும்தான். வினைக்கு முன்னால் ஒரு கோடு போடுங்கள், அங்கே குட்டியாக வாங்கிக்கொண்டு வினையைச் சொல்லுங்கள் என்றார். முதலில் செயற்கையாக இருந்தது, நாலு நாளில் பழகிவிட்டது. கேட்கிறவர்களுக்கு அது மூச்சு வாங்குவதாகவே தெரிவதில்லை, அழுத்திச் சொல்வதாகத் தெரிகிறது. பேச்சின் நடுவில் மூக்கால் மட்டும் இழுங்கள் என்ற பழைய விதியையும் அன்று அவரே தளர்த்தினார், அந்த அரை விநாடிக்கு வாய்தான் சரி, மூக்கு தாங்காது.

அப்புறம் தொடக்கம். பெயரைக் கூப்பிட்டதும் நாம் என்ன செய்கிறோம்? ஒரு பெரிய மூச்சை இழுத்து நெஞ்சில் பூட்டிக்கொண்டு நடந்து போகிறோம், மைக் முன்னால் நின்றதும் அதன் மேல் இன்னொன்றை இழுக்கப் பார்க்கிறோம், இடம் இருந்தால்தானே. குடம் நிரம்பியிருக்கும்போது தண்ணீர் எங்கே பிடிப்பது? ஆகவே நின்றதும் முதல் வேலை காலி செய்வது. கால்களைச் சரியாக ஊன்றி, சத்தமில்லாமல் எல்லாக் காற்றையும் விட்டுவிடுங்கள், அடுத்த மூச்சு தானாக வரும், அதில் 4 சொல்லுக்கு மேல் போகாத ஒரு வாக்கியம் சொல்லுங்கள். இதையே அவர் 20 தடவை எழுந்து நடந்து செய்யவைத்தார், வீட்டு வரவேற்பறையில் நான் கதவிலிருந்து ஜன்னலுக்கு நடந்து நடந்து "எல்லாருக்கும் வணக்கம்" சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது வாரம் வெறும் சக்கை. கண்ணாடியைப் பார்த்து நான் சிங்கம் என்று சொல்வது, வெற்றியாளர்களின் பழக்கங்கள், இத்யாதி. அந்த நேரத்தில் உபயோகமான இரண்டு ஆய்வுகளையாவது சொல்லியிருக்கலாம், நானே தேடிப் படித்தேன். 2014இல் அலிசன் உட் புரூக்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் செய்ததில், பேசுவதற்கு முன் "அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். 2003இல் கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்ததில், உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு மற்றவர்களுக்குத் தெரிவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாலே பேச்சு தேறியது. இரண்டாவதை நான் கண்ணாலேயே பார்த்தேன், பயிற்சி ரெக்கார்டிங்கில் முழங்கால் டைப் அடித்துக்கொண்டிருந்ததாக நினைத்த இடத்தில் ஒன்றுமே அசையவில்லை.

ஆறாவது வாரத்து மேடை ஒத்திகையும் சுமார்தான். அதற்குள் எல்லாரும் சிநேகிதமாகிவிட்டோம், திரை முழுக்கப் புன்னகை, முடித்ததும் கைதட்டல். யாருக்குப் பயம் வரும்? ஆராய்ச்சியாளர்கள் மனுஷனைப் பதறவைக்க வேண்டுமென்றால் என்ன செய்கிறார்கள் பாருங்கள். ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993இல் உருவாக்கிய சோதனையில், முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு குழு முன்னால் 5 நிமிடம் பேசவைத்து, அடுத்த 5 நிமிடம் 1022இலிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே போகச் சொல்வார்கள், தப்பினால் முதலிலிருந்து. எச்சிலை எடுத்துப் பார்த்தால் கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் ஏறியிருக்கும். எங்களுக்கு அந்தக் கொடுமை வேண்டாம், கொட்டாவி விடுகிற நாலு பேரையாவது உட்காரவைத்திருக்கலாம்.

ஆப் ஒன்றும் கூடவே கொடுத்தார்கள். ஒரு நீல வட்டம் பெருத்துச் சுருங்கும், பின்னணியில் அலைச் சத்தம். வீட்டில் ஒரு வாரத்துக்குச் சரி. தொடர்ந்து எத்தனை நாள் செய்தேன் என்று கணக்கு வைத்து, ஒரு நாள் விட்டால் சோகமாக ஒரு பொம்மை வேறு வருகிறது. பதற்றத்துக்கு மருந்தாக வந்த ஆப் ராத்திரி 11 மணிக்கு அதட்டினால் எப்படி? நீக்கிவிட்டேன்.

நிஜப் பரீட்சை வகுப்பு முடிந்து மூன்று வாரம் கழித்து வந்தது, அதே அறை, ஏறக்குறைய அதே 40 பேர். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது கைக்கடிகாரம் நாடித்துடிப்பு 121 என்று காட்டியது. 5 நிமிடம் யாருக்கும் தெரியாமல் 4-6 விட்டேன், 104க்கு வந்தது. நிம்மதியானேன். பெயரைக் கூப்பிட்டார்கள், 126. விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை, உட்கார்ந்து சேர்த்த அமைதியில் பெரும்பகுதி எழுந்து நின்றதும் போய்விடும். முதல் ஒரு நிமிடம்தான் உச்சம், அதைத் தாண்டினால் உடம்பு தானாக இறங்க ஆரம்பிக்கும், அந்த ஒரு நிமிடத்தைக் கடக்கத்தான் வழி வேண்டும். நடந்தேன், காலை ஊன்றினேன், எல்லாக் காற்றையும் விட்டேன். "எல்லாருக்கும் வணக்கம்." கோடு. "இந்தக் காலாண்டிலும் விற்பனை" கோடு "உயரவில்லை." அந்த "வில்லை" பின்சுவரில் பட்டு எனக்கே திரும்பிக் கேட்டது. கெட்ட செய்தியை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நடுவில் எதிர்பாராத ஒரு கேள்வி வந்து மூச்சு மறுபடி மேலே ஏறியது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன். விழுங்கும்போது மூச்சு தானாக ஒரு கணம் நிற்கும், பெரும்பாலும் வெளிமூச்சில்தான் திரும்பத் தொடங்கும், பார்க்கிறவர்களுக்கு நாம் யோசிப்பது மாதிரி இருக்கும். இது வகுப்பில் சொல்லாதது, என் சொந்தச் சரக்கு.

சேரலாமா என்றால், குரல் நடுங்குகிறது, மூச்சு வாங்குகிறது, ஆனால் எப்படியோ பேசிவிடுகிறேன் என்கிறவர்கள் சேரலாம். பேச வேண்டி வருமே என்று வேலை உயர்வையே வேண்டாமென்று சொல்கிறவர்கள், முந்தின நாளே வயிறு கலங்கிச் சாப்பிடாமல் கிடப்பவர்கள் மூச்சை நம்பி உட்கார வேண்டாம், மனநல நிபுணரைப் பாருங்கள், அதற்கென்று படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது. ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் மூச்சைப் பிடிக்கும் பயிற்சியையும் வேகப் பயிற்சியையும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள், வகுப்பில் யாரும் கேட்க மாட்டார்கள். மற்றபடி முதல் இரண்டு வாரத்துச் சரக்கு ஒரு புத்தகமும் தரையும் இருந்தால் வீட்டிலேயே வரும்.

5க்கு 3 போடுகிறேன், அந்த மூன்றும் நான்காவது வாரத்துக்கு. வகுப்பு ரெக்கார்டிங்குகள் 90 நாளில் பூட்டிக்கொள்ளும், புதுப்பிக்கச் சொல்லி இப்போதே தினம் ஒரு செய்தி வருகிறது. சேர்ந்தால் வரிசையாகப் பார்க்காமல் நான்காவது வாரத்தைத்தான் முதலில் திறங்கள், ஒரு பென்சிலும் கையில் இருக்கட்டும்.